இடும்பன் தூக்கியது இரண்டு மலை, நான் தூக்கியது 19 கிலோ

பழனி பக்கம் வளர்ந்தவர்களுக்கு இடும்பன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. அகத்தியர் சொன்னார் என்று சிவகிரி, சக்திகிரி இரண்டையும் காவடியாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன், வழியில் அசதியாக இருக்கிறதே என்று இறக்கி வைத்தான். இளைப்பாறிவிட்டு மறுபடி தூக்கப் பார்த்தால் மலை அசையவில்லை. அவனுக்கு அது முருகன் செய்த வேலை. எனக்குக் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் இருந்து மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவி ஊருக்கு இறங்கும் பாதையில் அதே கதை நடந்தபோது குற்றம் முழுக்க என்னுடையது. ஒரு பாறையில் பையை இறக்கித் தண்ணீர் குடித்தேன். திரும்பத் தோளில் ஏற்ற வழிகாட்டி அண்ணன் பின்னாலிருந்து தூக்கிவிட வேண்டியிருந்தது. கீழேயிருந்து தலையில் ஒரு மூட்டையோடு வெறுங்காலில் ஏறிவந்த ஓர் அம்மா என்னையும் பையையும் ஒருதரம் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, வீடு மாறிப் போறீகளா?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

நியாயமான கேள்விதான். மலையடிவாரத்துக் கும்பக்கரையில் போய் இறங்கியபோது முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. அந்தப் பாதையில் 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம். ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும், இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடும். இறக்கத்தில் அப்படியில்லை, ஒவ்வோர் அடிக்கும் உடம்பும் பையும் சேர்ந்து முழங்கால் மேல் போய் விழுகின்றன, அது நின்றாலும் ஆறாது, மறுநாள் பேருந்துப் படியில் ஏறும்போதுகூட ஞாபகப்படுத்தும். வீட்டுக்கு வந்து பையை அப்படியே தராசில் வைத்துப் பார்த்த பிறகுதான் இந்த எடைக் கணக்கைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். முதன்முதலாகப் பல நாள் நடைக்குப் பை கட்டுகிறவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். ட்ரெக்கிங் போகிறவர்கள் 'பேஸ் வெயிட்' என்பார்கள், அடிப்படை எடை என்று வைத்துக்கொள்வோம். பையையும் அதற்குள் இருப்பதையும் மொத்தமாக எடை போட்டு, அதில் சாப்பாடு, தண்ணீர், அடுப்பு எரிபொருள் மூன்றையும் கழித்துவிட்டால் மிச்சம் வருவது அது. ஏன் கழிக்க வேண்டும் என்றால் அந்த மூன்றும் நடக்க நடக்கக் குறைந்துகொண்டே போகும், எத்தனை நாள், வழியில் எங்கே கடை, எங்கே ஊற்று என்பதைப் பொறுத்து மாறும். கூடாரமும் போர்வையும் பவர் பேங்கும் அப்படியில்லை, முதல் நாள் காலையில் என்ன எடையோ கடைசி நாள் மாலையிலும் அதேதான். இந்த அடிப்படை எடை 9 கிலோவுக்குள் இருந்தால் லைட்வெயிட், 4.5 கிலோவுக்குள் வந்தால் அல்ட்ராலைட் என்று ஒரு பொதுவான அளவு இருக்கிறது. 20 பவுண்டு, 10 பவுண்டு என்று அமெரிக்கர்கள் வைத்த கணக்கு அது, அதனால்தான் கிலோவில் இப்படி முழுசாக வராமல் நிற்கிறது. எல்லாம் சேர்த்த மொத்தச் சுமைக்கு வேறொரு கைக்கணக்கு உண்டு: உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. நான் 62 கிலோ.

சரி, எங்கே ஆரம்பிப்பது? கடையில் வேண்டாம். சமையலறையில் மாவு அளக்க வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும், பெரிய சாமான்களுக்குப் பெட்டியைத் தொங்கவிட்டுப் பார்க்கும் கொக்கித் தராசு. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். உறை, டப்பா, கயிறு, சார்ஜர் ஒயர் ஒன்றையும் விடாமல். கையில் தூக்கிப் பார்த்து 'லேசாத்தானே இருக்கு' என்று சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு, அதை மட்டும் அன்றைக்கு நிறுத்திவைக்க வேண்டும். என் நோட்டில் அன்று வந்தது: 60 லிட்டர் பை 2.4 கிலோ, இரண்டு பேர் கூடாரம் 3.1, ஸ்லீப்பிங் பேக் 1.9. துணிமணி மட்டும் மூன்றரை கிலோ, அதில் ஒரு ஜீன்ஸும் ஒரு டர்க்கி டவலும். அடுப்பு, குக்கர் மூடி மாதிரி கனத்த ஒரு வாணலி, தட்டு, டம்ளர் சேர்த்து 1.4. இரண்டு பவர் பேங்க், தடி மாதிரி ஒரு டார்ச், சார்ஜர் எல்லாம் 1.3. மாற்றுச் செருப்பு, முழு ஷாம்பு பாட்டில், நாவல் ஒன்று, இன்ன பிற 1.4. ஆக அடிப்படை எடையே 15 கிலோ. இதற்கு மேல் 2 லிட்டர் தண்ணீர், 2 கிலோ தீனி. நாவலை ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த நோட்டைப் பார்த்தால் உடனே ஒன்று தெரியும். பை, கூடாரம், படுக்கை மூன்றும் சேர்ந்தே 7.4 கிலோ, கிட்டத்தட்ட பாதி. எல்லோருக்கும் ஏறக்குறைய இப்படித்தான் வரும், அதனால் 'பெரிய மூன்று' என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். பல் துலக்கும் பிரஷின் பிடியை அறுத்தால் 5 கிராம் மிச்சம், அதைப் பெருமையாகச் செய்துவிட்டு மூன்று கிலோ கூடாரத்தைத் தூக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன் (நானும் அறுத்தேன், சொல்லிவிடுகிறேன்). கத்தியைப் பெரிய மூன்றின் மேல் வையுங்கள்.

அதிலும் வரிசை முக்கியம், பையைக் கடைசியாக வாங்க வேண்டும். நாம் நேர் எதிராகச் செய்வோம், முதலில் பெரிய பையாக வாங்கிவிடுவோம், அப்புறம் அதில் இடம் இருக்கிறதே என்று ஒவ்வொன்றாகத் திணிப்போம், காலியாக இருக்கும் பையை நிரப்பாமல் விட நம்மால் முடியாது. மற்றதெல்லாம் குறைந்த பிறகு பார்த்தால் 40 லிட்டரே தாராளமாக இருக்கும், அந்த அளவில் ஒரு கிலோவுக்குக் கீழேயே பைகள் உண்டு. சுமை மொத்தம் 9, 10 கிலோவுக்குள் இருந்தால் உள்ளே கம்பி, பலகை எதுவும் இல்லாத பையே போதும். அதற்கு மேல் போனால் இடுப்புப் பட்டை உள்ள பை வேண்டும். பட்டை என்றால் பெயருக்குத் தொங்கும் நாடா இல்லை, இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்து தோளின் பாரத்தை இறக்கிவாங்கும் அகலப் பட்டை.

படுக்கை விஷயத்தில் இரண்டு ஏமாற்றம் இருக்கிறது. ஸ்லீப்பிங் பேக் மேல் '0 டிகிரி' என்று போட்டிருக்கும், அது எந்த 0 டிகிரி என்று பார்க்க வேண்டும். நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை ஒன்று, செத்துப்போகாமல் விடியும்வரை தாக்குப்பிடிக்கும் எல்லை இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே 15 டிகிரிகூட இருக்கும், அட்டையில் பெரிதாக அச்சடிப்பது பல நேரம் இரண்டாவதைத்தான். முதலாவதைப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, குளிர் மேலே இருந்துதான் வருகிறது என்று நினைத்துப் போர்வையை அடுக்குவது. உடம்புக்கு அடியில் நசுங்கிப்போன பஞ்சில் காற்று நிற்காது, காற்று நிற்காத பஞ்சு குளிரைத் தடுக்காது, தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 300 கிராம் ஃபோம் ஷீட் ஒன்றைக் கீழே விரித்தால் ஒரு கிலோ கம்பளியை வீட்டில் விட்டுப் போகலாம். பேக்கிங் சாமான் விற்கும் கடையில் அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள்.

இப்போது கூடாரம். இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது: எதைத் தூக்குவது என்பதை உங்கள் அலமாரி முடிவு செய்யக்கூடாது, வழி முடிவு செய்ய வேண்டும்.

எம்மா கேட்வுட் என்று ஓர் அமெரிக்கப் பாட்டி. 11 பிள்ளை பெற்றவர், 1955இல், தன் 67 வயதில், அப்பலாச்சியன் மலைத்தொடர் வழியே போகும் நெடும்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார், 3,000 கிலோமீட்டருக்கு மேல். காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. தோளில் தானே தைத்த ஒரு துணிப்பை, உள்ளே ராணுவக் கம்பளி ஒன்று, மழைக்குக் குளியலறைத் திரை பிளாஸ்டிக் ஒன்று, கொஞ்சம் தீனி. கூடாரம் இல்லை, ஸ்லீப்பிங் பேக் இல்லை. அல்ட்ராலைட் என்ற பேச்சு பரவியது அதற்கு வெகுகாலம் கழித்து 1990களில்தான், ரே ஜார்டின் போன்ற நடையர்களால். பாட்டியை எல்லோரும் முன்னோடி என்று கொண்டாடுவார்கள், சரிதான், ஆனால் அவர் பை அவ்வளவு லேசாக இருந்ததற்கு ஒரு காரணம், ராத்திரி ஆனால் வழியில் யார் வீட்டுக் கதவையாவது தட்டிவிடுவார் என்பது.

இது நமக்கொன்றும் புதிதில்லை. தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடக்கிறவர்களைப் பாருங்கள், நாள்கணக்கில் நடை, கையில் மாற்று வேட்டியும் துண்டும் கொண்ட ஒரு மஞ்சப்பை. அவர்கள் அடிப்படை எடை அல்ட்ராலைட்காரர்களை வெட்கப்பட வைக்கும். எப்படி முடிகிறது என்றால் வழி நெடுக அன்னதானப் பந்தல், மோர்ப் பந்தல், படுக்கச் சத்திரம், மண்டபம். சுமையை வழி தூக்கிக்கொள்கிறது. அதே மஞ்சப்பையோடு ஜனவரிக் குளிரில் நீலகிரி மேலே முக்கூர்த்திப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வழியைப் படியுங்கள். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று ஊர் ஊராக நடப்பதானால் ராத்திரிக்கு ஊரில் ஓர் அறை பேசிவைத்துக்கொள்ளலாம், கூடாரமே வேண்டாம், மூன்று கிலோ ஒரே வார்த்தையில் போயிற்று. வெட்டவெளியில் தங்க அனுமதி இருக்கிற இடம் என்றால் இரண்டு பேருக்கு ஒரு கூடாரம், துணியை ஒருவரும் கம்பியை ஒருவரும் பங்குபோட்டுத் தூக்கலாம். தனியாள் என்றால் அரை கிலோ தார்ப்பாயும் கயிறும் பழகிக்கொள்ளலாம், ஆனால் அதைக் கட்டத் தெரிய வேண்டும், முதல் பாடத்தை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள், மூடுபனியில் வேண்டாம். பெரும்பாலான காட்டுப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம், ராத்திரி தங்கல் பல இடங்களில் கிடையாது. அதாவது நிறையப் பேர் கூடாரத்தைத் தூக்குவது அதை விரிக்கவே முடியாத காட்டுக்குள்.

சமையலும் அப்படித்தான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், மலையேறப் போனவர்கள். அதற்குப் பிறகு விதிகள் இறுகின, காட்டுக்குள் அடுப்பு மூட்டும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். விட்டால் அடுப்பு, கேஸ் டப்பா, பாத்திரம், அதைத் தேய்க்கும் சோப்பு எல்லாம் ஒரே அடியாகக் கழன்றுபோகும். வெளிநாட்டில் அடுப்பில்லாமல் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிடுவதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிப் பேசுகிறார்கள். நம்மிடம் அவல் இருக்கிறது. கெட்டி அவலில் தண்ணீர் ஊற்றி மூடி பையில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நடந்தால் சாப்பாடு தயார், நாட்டுச் சர்க்கரை போட்டால் ஒரு வேளை, புளிக்காய்ச்சல் போட்டால் இன்னொரு வேளை.

தீனியில் பார்க்க வேண்டியது ஒரு கிராமுக்கு எத்தனை கலோரி என்பது. மாவும் சர்க்கரையும் புரதமும் கிராமுக்கு 4, எண்ணெயும் நெய்யும் 9, தண்ணீர் பூஜ்யம். கடைசி எண்தான் பலருக்கு உறைப்பதில்லை. 100 கிராம் இட்லியில் 130 கலோரி சுமார், மீதியில் பெரும்பகுதி நீர். 100 கிராம் கடலைமிட்டாயில் 500 பக்கம் வரும். ஆப்பிள் 50தான், மலையில் கடித்தால் அமிர்தம் என்பதை மறுக்கவில்லை. வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, எள்ளுருண்டை, நெய்யில் பிடித்த மாவுருண்டை, நல்லெண்ணெய் தாராளமாக விட்ட பருப்புப்பொடி என்று கட்டினால் ஒரு நாளைக்கு 600, 700 கிராமில் ஒப்பேற்றலாம். முதல் நாள் மதியத்துக்கு மட்டும் புளியோதரையோ பொடி தடவிய இட்லியோ இலையில் கட்டி எடுத்துப் போங்கள், கனத்தாலும் சீக்கிரம் காலியாகிவிடும், மனசுக்கும் நல்லது. பஞ்சாமிர்தம் கெடாது, சத்து, எல்லாம் சரி, டப்பா மூடி பைக்குள் திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று அனுபவித்தவன் சொல்கிறேன், வேண்டாம்.

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, அதில் பேரம் கிடையாது. அடுத்த தண்ணீர் எங்கே என்று தெரிந்தால் அதுவரைக்கும் உள்ளதைத் தூக்கினால் போதும், தெரியாவிட்டால் எல்லாவற்றையும் தூக்க வேண்டும். வழிகாட்டியிடம் கிளம்பும்முன் கேட்கும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: மேல்மலையில் கேரட், உருளை, பூண்டு போட்ட படிக்கட்டு வயல்களுக்குக் கீழே ஓடிவரும் ஓடை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கலாம், அதில் பூச்சிமருந்து கலந்திருக்கவும் கூடும். குளோரின் மாத்திரையும் கையடக்க ஃபில்டரும் கிருமிக்குத்தான், மருந்துக்கு இல்லை. வயலுக்கு மேலே பிடியுங்கள், இல்லையென்றால் ஊருக்குள் டீக்கடையில் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். பாட்டில் விஷயத்தில் வெளிநாட்டுக்காரர்கள் கடையில் வாங்கும் மெல்லிய மினரல் வாட்டர் பாட்டிலையே தூக்குவார்கள், 40 கிராம்கூட இருக்காது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அந்தப் பாட்டிலுக்குத் தடை, சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஸ்டீல் பாட்டில் காலியாகவே 350 கிராம் வரும். திரும்பத் திரும்ப நிரப்பும் டிரைடான் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த லேசான பாட்டில், அல்லது மடிக்கிற தண்ணீர்ப்பை, நடுவாந்தரமான வழி.

துணிக்குத் திருப்பூரும் ஈரோடும் இருக்கும்போது பெரிய கம்பெனிப் பெயர் தேவையில்லை. பருத்தி நனைந்தால் காயாது, மூடுபனியில் சுத்தமாகக் காயாது, கனத்துப்போய் உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். ஜீன்ஸ் இதில் முதல் குற்றவாளி. திருப்பூரில் எடைக்குப் போடும் பாலியெஸ்டர் விளையாட்டு பனியன் இரண்டு, அதே துணியில் பேன்ட் ஒன்று, போதும். ஒன்று உடம்பில், ஒன்று பையில். ராத்திரிக்கென்று காய்ந்த சட்டையும் சாக்ஸும் தனியாகக் கட்டிவைத்துக்கொள்ள வேண்டும், என்ன மழை பெய்தாலும் அதைப் பகலில் தொடக்கூடாது. டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு, அது மட்டும் பருத்தியாக இருந்தாலும் மன்னிக்கலாம், அவ்வளவு மெலிசு, பை மேல் போட்டு நடந்தால் காய்ந்துவிடும், வெயிலுக்குத் தலைப்பாகை, உட்கார விரிப்பு. பைக்கு மேல் போடும் மழை உறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கமாக நீர் இறங்கும். உள்ளே கனத்த பாலித்தீன் உறை ஒன்றைப் போட்டு எல்லாவற்றையும் அதற்குள் வைத்து வாயை முறுக்கிவிடுங்கள், திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஷூவைப் பற்றி நடையர்களிடம் ஒரு சொலவடை உண்டு, காலில் ஒரு கிலோ முதுகில் ஐந்து கிலோ என்று. ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி இறக்குகிறோம் இல்லையா. பை 9 கிலோவுக்குள் வந்துவிட்டால் கணுக்கால் மறைக்கும் கனத்த பூட்ஸ் தேவையில்லை, அடிப்பக்கம் பிடிப்புள்ள சாதாரண ட்ரெய்ல் ஷூ போதும், நனைந்தாலும் சீக்கிரம் காயும். வெள்ளகவி போகிறவர்களுக்கு இன்னொரு லாபம்: அந்த ஊருக்குள் யாரும் செருப்பு போட்டு நடப்பதில்லை, நாமும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும், என் பழைய பூட்ஸைக் கழற்றவே ஐந்து நிமிடம் ஆனது.

குறைக்கும் வெறியில் சிலதில் கை வைக்கக்கூடாது. மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை ஒன்று, தலையில் மாட்டும் விளக்கு, முதலுதவி, அன்றாடம் சாப்பிடும் மாத்திரை, விசில், ஓ.ஆர்.எஸ். இரண்டு பொட்டலம். மழைக்காலச் சோலைக்குள் அட்டைப்பூச்சிக்கு ஒரு துணியில் முடிந்த உப்பு. உடம்பு நனைந்து காற்றும் அடித்தால் 10 டிகிரியிலேயே நடுக்கம் கண்டு புத்தி தடுமாறும், அதற்கு இமயமலை போக வேண்டியதில்லை, டிசம்பர் கொடைக்கானல் போதும். அரை கிலோ மிச்சம் பிடிக்கிறேன் என்று கம்பளிச் சட்டையை விட்டுப் போனவர், கடைசியில் மற்றவர் சட்டையைக் கேட்பார்.

இப்போது என் பை 900 கிராம், தார்ப்பாய் 500, லேசான ஸ்லீப்பிங் பேக்கும் ஃபோமும் 1.3 கிலோ, துணி 1.4, மழைக்கோட்டு 300 கிராம், விளக்கும் சின்ன பவர் பேங்கும் 350, மருந்து வகையறா 400, பாட்டில்கள் 150. மொத்தம் 5.3 கிலோ. தண்ணீரும் இரண்டு நாள் தீனியும் சேர்த்தாலும் 9 கிலோவைத் தொடுவதில்லை. புதிதாகக் காசு கொடுத்து வாங்கியது பையும் ஸ்லீப்பிங் பேக்கும் தார்ப்பாயும்தான், மற்ற குறைச்சலெல்லாம் வீட்டில் விட்டுப் போனதால் வந்தது.

ஒவ்வொரு நடை முடிந்து வந்த அன்றைக்கே, குளிக்கும் முன்னால், பையைத் தரையில் கொட்டி மூன்று குவியலாகப் பிரியுங்கள். தினமும் தொட்டது, ஒருதரம் தொட்டது, தொடவே தொடாதது. மூன்றாவது குவியலில் மருந்தும் மழைக்கோட்டும் இருந்தால் அதிர்ஷ்டம் என்று திரும்ப எடுத்து வைத்துவிட்டு, மற்றதை அடுத்த தடவை விட்டுப் போகலாம். எனக்கு அந்தக் குவியலில் 90 கிராமில் ஓர் எவர்சில்வர் டம்ளர் வந்துகொண்டே இருக்கிறது. டீக்கடையில்தான் டம்ளர் கொடுக்கிறார்களே என்று என் மனைவி ஒவ்வொரு முறையும் கேட்கிறாள், நோட்டிலும் அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன், இன்னும் அடிக்கவில்லை.